மார்கழி வாந்தியும் முடியிறக்காத தலையும்

எனக்கு மார்கழி என்றால் வாந்திதான் நினைவுக்கு வருகிறது. மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் கோலம், பஜனை, கச்சேரி, வெண்பொங்கல் என்று எத்தனையோ இருக்கும். ஹவுஸ் சர்ஜன்சியை முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல், மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து குளத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்த எனக்கு, மார்கழி இப்படித்தான் வந்து சேர்ந்தது.

கிளினிக் என்னுடையது இல்லை. அதன் சொந்தக்கார டாக்டர் நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் டிசம்பர் பாதி வந்துவிட்டால் அவருக்கு நோயாளிகளின் இருமல்கூடச் சுருதி சேராமல் கேட்க ஆரம்பித்துவிடும். மத்தியானக் கச்சேரிக்கே சபாவில் போய் உட்கார்ந்துவிடுவார்.

"மூணு மணிக்கு மேல நீதான் டாக்டர். பயமா இருந்தா ஆள் அனுப்பு. தனி ஆவர்த்தனம் நடக்கறப்போ மட்டும் அனுப்பாதே" என்று சொல்லி, அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு அப்போது பயம் என்றால் என்னவென்றே தெரியாது. எந்த நோயைப் பார்த்தாலும், ஆகா, புத்தகத்தில் படித்தது நேரில் வந்து நிற்கிறதே என்று சந்தோஷம்தான் வரும்.

அந்த வருஷம் குளிர் ஆரம்பித்ததும் குழந்தைகள் வரிசையாக வந்தன. மயிலாப்பூர்க் குளிர் என்ன பெரிய குளிர்? காதில் மப்ளர் சுற்றிக்கொள்ள ஒரு சாக்கு. ஆனால் நோய்க்கு அது போதுமாக இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே கதை. முதலில் மூக்கு ஒழுகும், உடம்பு லேசாகச் சுடும். அப்புறம் திடீரென்று வாந்தி. குடித்த பால் தயிராகத் திரும்பி வரும். வாந்தி ஓய்வதற்குள் பேதி தொடங்கும். மஞ்சளும் பச்சையுமாய்த் தண்ணீராகப் போகும், புளித்த வாடை அடிக்கும், பின்பக்கம் சிவந்து புண்ணாகிவிடும். ரத்தம் இருக்காது, சளி இருக்காது, முக்கி அழுகிற வலியும் இருக்காது. தம்பிக்கு வந்தது அக்காவுக்கு வரும், அக்காவுக்கு வந்தது அம்மாவுக்கு வரும். பெரியவர்களுக்கு ஒரு நாள் வயிற்றைப் புரட்டி, கைகால் உளைச்சலோடு போய்விடும். குழந்தைகளுக்கும் சில நாளில் தானாக நின்றுவிடும், அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால்.

நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டும் வழக்கம் எனக்கு உண்டு. இந்த மாதிரிக் குளிர்கால வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிருமியை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள், அது சின்னச் சின்னச் சக்கரம் போல இருக்கிறது என்று அப்போதுதான் படித்திருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பட்டினப்பாக்கத்திலிருந்து மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மீன்காரம்மாவிடம் சொன்னேன்.

"சக்கரமா?" என்றாள் அவள். "இன்னா சக்கரம், சைக்கிள் சக்கரமா, கட்டை வண்டி சக்கரமா? அது எங்கனா ரோட்டுல ஓடட்டும். எம்புள்ள வயித்துல இன்னாத்துக்கு ஓடிக்கினு கீது? நீ ஊசி போடு டாக்டரம்மா."

ஊசி இதைக் கேட்காது, தண்ணீரும் கஞ்சியும் கொடு என்று சொன்னால், "தண்ணி குடுக்கறதுக்கா இம்மாந்தூரம் தூக்கிக்கினு நடந்து வந்தேன்?" என்று பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் கொடுத்தாள். அவள் மகன் சீக்கிரமே தேறி, அடுத்த தடவை வந்தபோது என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான்.

மாடவீதிக் குடும்பங்களிடம் நோயின் கதையைக் கேட்டு வாங்குவதுதான் பெரிய பாடு. "குழந்தை வெளியில ஏதாவது சாப்பிட்டதா?" என்று கேட்டால், "சிவ சிவா, வெளியில ஒரு பொட்டுத் தண்ணிகூடக் கிடையாது" என்று பதில் வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான், விடியற்காலையில் கோயில் பொங்கல் ஒரு தொன்னை, சாயங்காலம் சுண்டல் ஒரு கை என்று வெளியே வரும். "அது பிரசாதம்னா? அதைப் போய்ச் சாப்பாட்டுக் கணக்கில சேர்ப்பாளோ?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். பொங்கல் மேல் பழி ஒன்றுமில்லை. பொங்கலைக் கண்ணால்கூடப் பார்க்காத கைக்குழந்தைகளுக்கும்தான் வந்தது. ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்படி ஒரு மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரு பெண் புடவைத் தலைப்புக்குள் குழந்தையை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கண் வீங்கியிருந்தது.

"சீக்கிரம் பாத்துடுங்கோ டாக்டர். பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

பத்து மாதப் பெண் குழந்தை. முந்தின நாள் காலையிலிருந்து வாந்தி, ராத்திரியிலிருந்து பேதி. என் மேஜைமேல் படுக்கவைத்தபோது அது அழவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. நாக்கைத் தொட்டேன், காய்ந்த துணி மாதிரி இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே போய்ப் படியாமல் யோசித்து யோசித்துப் படிந்தது. உச்சிக்குழி பள்ளமாக விழுந்திருந்தது. அதைச் சுற்றிலும், தோள்வரை, சுருள் சுருளாக அப்படியொரு முடி. நான் வயிற்றை அழுத்திப் பார்த்தபோதுதான் கொஞ்சம் முனகி அழுதது. கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

"மூத்திரம் எப்போ போனா?"

அவள் யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"என்ன குடிக்கக் கொடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லை. அக்கா கூடாதுன்னுட்டா. வயித்தைக் காயப்போட்டாத்தான் பேதி நிக்குமாம். என் பாலையும் நிறுத்தச் சொல்லிட்டா." அவள் ரவிக்கை நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அக்கா என்பது அவள் கணவரின் தமக்கை. கணவர் ஆடிட் வேலையாக வடக்கே போயிருந்தார். வீட்டில் இவர்கள் மூவர்தான். "அக்கா கெட்டவ இல்லை டாக்டர். குழந்தை பட்டினி கெடக்கான்னு அவளும் நேத்திலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லில படலை."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றுகிற கட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றது குழந்தை. வாய்வழியாகத் தண்ணீர் உள்ளே நின்றுவிட்டால் பிழைத்தோம். அகதி முகாம்களில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரையே ஊட்டி எத்தனையோ பேரைக் காப்பாற்றியதை நான் படித்திருந்தேன்; செய்துபார்க்க இதைவிட அவசரமான சந்தர்ப்பம் வராது. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் அது அக்காவைத் தாண்டாது. வெளியே காத்திருந்த ஒரு மூட்டுவலிக்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவளோடேயே கிளம்பினேன்.

வீடு அடுத்த சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மடிசாரில், ஈரத் தலையை முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒல்லியாக, நிமிர்ந்து ஒரு மாமி நின்றுகொண்டிருந்தார்.

"பால் வாங்கிண்டு வந்தியா, இல்லை பாலுக்குப் பதிலா இவளை வாங்கிண்டு வந்தியா?" என்றார், என்னை மேலும் கீழும் பார்த்து. "நீ யாரும்மா? டாக்டராத்துப் பொண்ணா?"

"நான்தான் டாக்டர், மாமி."

"பாத்தா காலேஜுக்குப் பஸ்ஸை விட்டவ மாதிரின்னா இருக்கே. சரி, அங்கேயே நில்லு. நான் குளிச்சு மடியா இருக்கேன். ஆஸ்பத்திரிக் காத்து மேலே படவேண்டாம்."

நான் கூடத்தில் நின்றபடியே ஆரம்பித்தேன். கிருமி, சக்கரம், குடலின் உள்சுவர், உப்பு, நீர் எல்லாம். மாமி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஓட்டைக் குடத்துல தண்ணி விட்டா நிக்குமா? உள்ளே விட விடத்தானே வெளியில போறது? மொதல்ல ஓட்டை அடைபடட்டும். அப்பறம் விட்டுக்கலாம். என் தம்பி, அதான் இவ ஆத்துக்காரன், அவனுக்கு இப்படி வந்தப்போ நான்தான் ரெண்டு நாள் தண்ணி காட்டாம வச்சுண்டு காப்பாத்தினேன். இன்னிக்கு அவன் ஊர் ஊராப் போய் ஆடிட் பண்றான்."

"குடத்துக்குத் தாகம் எடுக்காது மாமி. இவளுக்கு எடுக்குது."

நான் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிக் காட்டினேன். தோல் மடிந்தபடியே சற்று நின்றது. மாமி பார்த்தார். அவர் கை தானாக நீண்டு, மடி ஞாபகம் வந்து பாதியில் நின்றது.

"இப்ப வாயால கொடுக்கலைன்னா, ராத்திரிக்குள்ள ஆஸ்பத்திரிதான் மாமி. பெரிய ஆஸ்பத்திரியில டிரிப் ஏத்துவாங்க. கை, கால் நரம்பெல்லாம் வத்திப் போயிருக்கும். இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தலையிலதான் ஊசி போடுவாங்க. முன்தலையில இந்த அளவுக்கு முடியைச் சிரைச்சிட்டு..."

நான் கையால் அளவு காட்டினேன். ஒரு வைத்திய விவரமாகத்தான் சொன்னேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாமியின் முகம் மாறியது. குழந்தையின் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"தலைல கத்தி வைப்பாளா?" என்றார் மாமி.

"சும்மா, இத்தனூண்டு..."

"அது முடியிறக்காத தலைம்மா." குரல் உள்ளே போயிருந்தது. "திருப்பதிக்கு வேண்டிண்ட முடி. இந்தக் குழந்தை பொறக்கணும்னு நான் வேண்டிண்டது. ஏழு மலையும் நடந்து ஏறி இறக்கறேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாலே எவனாவது சவரக் கத்தியை..."

முடிக்கவில்லை. ஒரு பக்கம் அவர் நேர்ந்துகொண்ட முடி. இன்னொரு பக்கம், பேதிக்குத் தண்ணீர் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி, நேற்றும் இன்றும் தம்பி மனைவியை அழவைத்துக் காப்பாற்றிய சொல். பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ ஆலாபனை செய்துகொண்டிருந்தார்கள். குழந்தை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு என் மடியில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. சபாவுக்கு ஆள் அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

மாமி சட்டென்று திரும்பிச் சுவாமி அலமாரியைப் பார்த்தார்.

"நீ சொல்ற அந்தத் தண்ணி. அதை ஸ்வாமிக்கு நைவேத்யம் பண்ணிட்டா அப்பறம் அது என்ன?"

எனக்குப் புரியவில்லை. "அதே தண்ணிதான் மாமி."

"அசடு. பிரசாதம்." தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "பிரசாதத்தைக் கூடாதுங்கறதுக்கு நான் யாரு? நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"இல்லேக்கா" என்றாள் அவள் அவசர அவசரமாக.

"சொல்லு, என்ன அளவு?"

நான் கூடத்திலிருந்து கத்தினேன், மாமி சமையலறையில் கலந்தார். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பெரிய டம்ளர், சர்க்கரை இரண்டு ஸ்பூன், உப்பு மூன்று விரலால் எடுக்கிற அளவு.

"கல்லுப்புதான் இருக்கு. பொடிச்சுப் போடறேன்."

கல்லுப்பு என்றதும் எனக்குக் கலக்கம். பொடித்த உப்பு கையில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. "மாமி, கொடுக்கறதுக்கு முன்னாடி ருசி பாக்கணும். கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்கலாம், அதுக்கு மேல போகக் கூடாது."

சமையலறையிலிருந்து கரண்டி விழுகிற சத்தம். "ருசி பாக்கறதா? ஸ்வாமிக்கு எச்சலையா வைக்கச் சொல்றே?"

அது நிஜமாகவே சிக்கல்தான். ருசி பார்த்தால் நைவேத்தியமாகாது; நைவேத்தியமாகாவிட்டால் பிரசாதமாகாது; பிரசாதமாகாவிட்டால் குழந்தையின் வாய்க்குள் போகாது. எந்தப் பத்திரிகையிலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன்: முதலில் ஒரு டம்ளர் கலந்து எங்களிடம் கொடுப்பது, நாங்கள் பார்த்துச் சொல்வது, சரியாக வந்த பிறகு அதே கை அளவில் இன்னொன்றைச் சுவாமிக்குக் கலப்பது.

மாமிக்கு அது நியாயமாகப் பட்டது. "இவளையே பாக்கச் சொல்லு. காலைலேர்ந்து அழுதுண்டிருக்கா, கண்ணீர் ருசி இவளைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். முதல் டம்ளர் கடல் தண்ணீர். இரண்டாவதும் கொஞ்சம் கூட. மூன்றாவதை நானும் குடித்துப் பார்த்துத் தலையாட்டினேன்.

"ஏலக்காய் தட்டிப் போடட்டுமா?"

"வேண்டாம் மாமி."

"துளி சுக்கு?"

"ஒண்ணுமே வேண்டாம்."

"வெறும் உப்புத் தண்ணியையா வைக்கறது? பானகமும் பாயசமுமாப் பாத்தவர், பாவம்" என்று முணுமுணுத்துக்கொண்டே நான்காவது டம்ளரைக் கலந்து, வெள்ளிப் பஞ்சபாத்திரத்தில் ஊற்றி, சுவாமி முன்னால் வைத்து, தண்ணீர் சுற்றி, மணி அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் சொன்னார்.

பிறகு தரையில் உட்கார்ந்து, "குழந்தையை என் மடியில விடு" என்றார்.

"அக்கா, உங்க மடி போயிடுமே..." என்றாள் குழந்தையின் அம்மா.

"விடுன்னா விடு."

உத்தரணியால் முதல் வாய் கொடுத்தார். அந்தக் கரண்டியைக் குழந்தை வைத்தியத்துக்கென்றே செய்தது போலிருந்தது. அதில் நிற்பது சில சொட்டுத்தான், அவசரப்பட்டு நிறையக் கொடுக்கவே முடியாது. குழந்தை நாக்கை நீட்டி நக்கியது. இரண்டாவதை விழுங்கியது. நாலைந்து வாய் போனதும், ஒரு உலுக்கு உலுக்கி, போனதெல்லாம் மாமியின் தோளில் வந்துவிட்டது.

மாமி என்னைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று அந்தப் பார்வை சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபித்துக்கொண்டாவது தைரியம் வந்திருக்கும். இனி என்ன செய்வது என்று என்னைத்தான் கேட்டது.

"கொஞ்சம் நேரம் விடுங்க மாமி. வாந்தி எடுத்தாலும் எல்லாம் வெளிய போயிடறதில்ல. மறுபடி மெதுவா. ஒண்ணு கொடுத்து, நாம மூச்சு விட்டுட்டு, அப்புறம் ஒண்ணு."

"எனக்கு மூச்சே வரலை, இதுல விட்டுட்டு வேற கொடுக்கணுமா?" என்றாலும், காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வாய்க்குள் ஏதோ நாமம் சொல்லிக்கொண்டார். அந்த நாமத்தின் நீளம், நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடியதைவிடச் சரியான இடைவெளியாக அமைந்தது. தங்கியது. இன்னொன்றும் தங்கியது. நடுவில் ஒருமுறை பேதி போயிற்று. துணியை மாற்றினோம், உத்தரணி நிற்கவில்லை. குழந்தையின் அம்மாவிடம் பாலையும் கொடுக்கச் சொன்னேன். அவள் மாமியைப் பார்த்தாள்.

"என்னை என்ன பாக்கறே? டாக்டர் சொல்றாளே, காது கேக்கலையா?" என்றார் மாமி.

விளக்கேற்றுகிற நேரம் வந்தது. மாமி எழுந்திருக்கவில்லை; தம்பி மனைவியை ஏற்றச் சொன்னார். நான் கிளினிக்குக்கு ஓடி, காத்திருந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடிவந்தேன். பஞ்சபாத்திரம் இரண்டாம் தடவை நிரம்பியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மணி அடித்தே நிரப்பினார்களாம். குழந்தை மாமியின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடுங்கியதும் வீரிட்டு அழுதது. குனிந்து பார்த்தேன். இடது கண்ணோரத்தில் ஈரம்.

"கண்ணீர், மாமி! கண்ணீர் வருது பாருங்க!" என்று கத்தினேன். ஒரு குழந்தை அழுததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அந்த வீடு பார்த்திருக்காது.

"கத்தாதே. பயந்துக்கப் போறது" என்றார் மாமி. ஆனால் கண்ணீரைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது வராமல் நான் வீட்டுக்குப் போவதாக இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது, ஆனால் அம்மா கவலைப்படுவாள் என்ற நினைப்பு ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. குழந்தையின் அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். நான் டபராவில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தபோது, மாமி, "அடடா" என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பாம்பைப் பார்த்தவர் மாதிரி முகம்.

"என்ன மாமி?"

"நனைக்கறது."

நான் காப்பியைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். மடிப் புடவையின் கொசுவம் முழுக்க ஈரம் பரவிக்கொண்டிருந்தது. பேதி இல்லை, சந்தேகமே இல்லாமல் நல்ல மூத்திரம். குழந்தையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மடிப் புடவைக்காகப் பயந்தாளோ, குழந்தைக்காகச் சந்தோஷப்பட்டாளோ, இரண்டும்தானோ.

"ஆஸ்பத்திரி வேண்டாம் மாமி" என்றேன். "இப்படியே கொடுத்துக்கிட்டிருந்தா போதும். வேண்டவே வேண்டாம்."

மாமி குழந்தையின் சுருள் முடியை ஒருமுறை கோதினார். பிறகு அதைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்து, உத்தரணியையும் அவள் விரலுக்குள் திணித்தார். ஈரப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தவர், நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நான் போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன். அதுக்குள்ளே தூங்கறா, அசதின்னு ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திடாதே. கொடுத்துண்டே இரு."